மீனுக்கு முன் நீர்

புதுவை நகரை அடுத்து அமைந்த ஊர் லாஸ்பேட்டை. 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றி இடித்துத் தகர்த்தனர். 1765ஆம் ஆண்டில் ஆளுநராக வந்து அந்நகரை மீண்டும் எழுப்பியவர் ழான் லா என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் பெயரே இவ்வூர்க்கு வழங்குகிறது. ஓர் ஊரை அமைப்போர் நீர் வரும் வழியையும், கழிவு நீங்கும் வழியையும் முன்னரே வகுத்தல் வேண்டும். அவை இல்லாத ஊரில் மக்கள் நலமுற வாழ்தல் அரிது. கண்ணாடியால் ஆன மீன்தொட்டியும் இத்தகைய சிற்றூரே ஆகும்.

காலையில் தொட்டியை வாங்கி, மாலையில் அதனுள் மீனை விடுவோர் பலர். நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். மீன்கள் துள்ளி விளையாடும். சில நாள் கழிந்ததும் அவை நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து திணறும். பின்னர் ஒவ்வொன்றாக மடியும். விற்றவரை நோவர் சிலர். கண்ணேறு என்பர் வேறு சிலர். உண்மைக் காரணம் யாது?

மீனின் கழிவிலிருந்தும், தின்னாது எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றுகிறது. அது மீனின் செவுள்களைப் புண்படுத்தும். பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே, குருதி பிராணவாயுவைச் சுமந்து செல்லாதவாறு அது தடுக்கும். வேறொரு வகை நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றும். வெடியுப்பில் உள்ளதும் இந்த நைட்ரேட்டே. இது சிறிதளவில் மீனுக்குத் தீங்கு செய்யாது; செடிகட்கு உணவும் ஆகும். புதிய தொட்டியிலோ இவ்விருவகை நுண்ணுயிர்களும் போதிய அளவில் இல்லை.

இவை பெருகுவதற்குக் காலம் வேண்டும் என்பதை ஓர் ஆய்வு அழகுற விளக்கும். 1877ஆம் ஆண்டில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்லச் செலுத்தினர். இருபது நாள் வரை அம்மோனியா மாறவே இல்லை. அதன்பின் நைட்ரேட்டு தோன்றிற்று. குளோரோபாம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. ஆதலின், இது உயிர்களின் செயலே என்று அவர்கள் தெளிந்தனர். அந்நுண்ணுயிர்களைப் பின்னர்த் தனியே பிரித்து வளர்த்தவர் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர்.

ஆகவே, மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் நீரைப் பழக்குதல் வேண்டும். குழாய் நீரில் கலந்துள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும். அந்நீரை ஓரிரு நாள் திறந்து வைத்து, குளோரின் நீங்கிய பின்னரே தொட்டியில் நிரப்புக. வடிகட்டியை இடைவிடாது இயக்குக. நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் இரையைத் தூவுக. அது அழுகித் தரும் அம்மோனியாவே நுண்ணுயிர்கட்கு உணவு. நலமாயுள்ள பழந்தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் சிறிது கிடைப்பின், அது தயிருக்கு உறை ஊற்றியது போல் பயன்படும். இடையே நீர் கலங்கிப் பால்போல் தோன்றுதலும் உண்டு. அதற்கு அஞ்சி நீர் முழுவதையும் கொட்டுதலும், பஞ்சைக் குழாய் நீரில் கழுவுதலும் செய்த வேலையைக் கெடுப்பனவாம்.

இவ்வாறு நான்கு முதல் ஆறு வாரம் வரை செல்லும். கண்ணுக்குத் தெளிவாயிருத்தல் ஒன்றே நீரின் தூய்மைக்குச் சான்று அன்று. சோதனை மருந்தால் நீரை ஆராய்தல் வேண்டும். நாள்தோறும் இரை இட்டும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் காணப்படாமல், நைட்ரேட்டு மட்டும் காணப்படின் நீர் பழகிவிட்டது என அறியலாம். அப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றி, இரண்டு மூன்று மீன்களை மட்டும் விடுக. சில வாரம் கழித்து மேலும் சிலவற்றைச் சேர்க்க.

மீன் இல்லாத தொட்டியைப் பார்த்திருத்தல் சிறுவர்க்கு எளிதன்று. எனினும், தொட்டியில் விடப்பட்ட மீன் தீய நீரை விட்டு வேறிடம் செல்ல வல்லதன்று. அதன் உயிர் வளர்ப்பவர் கையிலே உள்ளது. பதறாத காரியம் சிதறாது. ஓர் உயிரை நம்பால் வருவிக்கும் முன், அது வாழ்தற்குரிய இடத்தை அமைத்தலே அன்புடையார் செயலாகும்.