குலுக்கலுக்கு முன்னால்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சார்ட்டர் பள்ளியில் கிண்டர்கார்டன் சேர்க்கைப் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று அக்கா சொன்னாள். வகுப்பில் பெரும்பாலும் ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தானே என்று அவள் கேட்டதற்கு, "குலுக்கல் போட்டுத்தானே எடுக்கிறோம்" என்றாயாம். குலுக்கலில் ஒரு குறையும் இல்லை. யாருடைய பெயரெல்லாம் குலுக்கலுக்கு வந்தது என்று பார்.

கலிபோர்னியா 1992இல் சார்ட்டர் சட்டம் கொண்டுவந்தது. அரசுப் பணம், கட்டணம் கிடையாது, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் பகிரங்கக் குலுக்கல். வட்டாரத்தில் எல்லா இனத்தவரும் இருப்பதுபோலப் பள்ளியிலும் இருக்க என்ன செய்யப்போகிறீர்கள் என்று பள்ளி தொடங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் இனத்தைப் பார்த்து இடம் கொடுக்க முடியாது. 1996இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 209ஆம் முன்மொழிவு அதைத் தடுக்கிறது. அதனால் நீ செய்யக்கூடியதெல்லாம் விண்ணப்பம் வருவதற்கு முன்னால்தான்.

இப்போது பள்ளியைப் பற்றிய செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. நம் ஆட்களைக் கேட்கவே வேண்டாம், நல்ல பள்ளி என்று ஒருவர் சொன்னால் அபார்ட்மென்டே அன்றிரவு விண்ணப்பித்துவிடும். இரண்டு இடத்தில் வேலை பார்க்கும் மெக்சிகோக்காரத் தாய்க்கு அந்தக் குழுவில் யாரைத் தெரியும்? ஹெட் ஸ்டார்ட் பாலர் மையம், காசு போட்டுத் துணி துவைக்கும் கடை, ஸ்பானிய மொழியில் பூசை வைக்கும் சர்ச் என்று அவள் போகிற இடத்துக்கு நீ போ.

அதுவும் எப்போது போகிறாய் என்பது முக்கியம். அண்ணன், அக்கா படிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்தாலே சின்னப் பள்ளியில் கணிசமான இடம் போய்விடும். போதாததற்கு, 2025-26 முதல் செப்டம்பர் 1க்குள் நான்கு வயது நிரம்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிண்டர்கார்டனுக்கு முந்தைய டி.கே. வகுப்பு உண்டு. உங்கள் டி.கே.யில் சேர்ந்த பிள்ளை மறுவருடம் குலுக்கல் இல்லாமலே கிண்டர்கார்டனுக்கு ஏறிவிடும். ஐந்து வயதுப் பிள்ளையின் பெற்றோரைத் தேடிப் போனால் தாமதம். மூன்று வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களிடம் இப்போதே பேசு.

படிவத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி போதும். "எங்கள் பள்ளி ஏன் பிடித்தது" என்று கட்டுரை எழுதச் சொல்லாதே. குடியேற்றக் காகிதம் பற்றி மூச்சே விடக்கூடாது; அது இல்லை என்று பிள்ளையை அரசுப் பள்ளியிலிருந்து விலக்க முடியாது என்று 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெற்றோர் இத்தனை மணி நேரம் தொண்டு செய்யவேண்டும் என்று நிபந்தனை போடவும் சட்டம் விடாது.

மாலை ஆறு மணிவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு உண்டா, கார் இல்லாதவர்கள் எப்படி வருவார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேள். செலவு என்று இழுப்பார். இந்த மாநிலத்தில் பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் பணம் வராது, வருகைக் கணக்குப்படிதான் வரும், இந்த வசதி இருந்தால் பிள்ளைகள் தவறாமல் வருவார்கள் என்று ஞாபகப்படுத்து. காது கொடுப்பார்.

ஸ்பானியப் படிவத்தை அச்சடிக்குமுன் எனக்கு அனுப்பு. பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்டி, அவருக்குப் புரிகிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா