தாலின்: பாடலைப் போற்றும் நகரம்

பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சின்கியிலிருந்து புறப்படும் பயணக் கப்பல், சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடக்கிறது. கரை நெருங்கியதும் பயணிகள் மேல்தளத்தில் கூடுகிறார்கள். ஊசிபோல் உயர்ந்த தேவாலயக் கோபுரங்கள் முதலில் கண்ணில் படுகின்றன. அதுவே எஸ்டோனியாவின் தலைநகரமான தாலின்.

துறைமுகத்திலிருந்து பழைய நகரத்திற்கு நடந்தே செல்லலாம். மதிற்சுவர்களும் காவற்கோபுரங்களும் இன்றும் அதைச் சூழ்ந்து நிற்கின்றன. 1997ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. தெருக்களில் உருண்டைக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. சக்கரம் வைத்த பெட்டியை இழுத்து வருபவர்கள் சிறிது தூரத்திலேயே அதைக் கையில் தூக்கிக்கொள்கிறார்கள்!

நகரின் நடுவே 1404ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபம் உள்ளது. அதன் எதிரே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. 1422ஆம் ஆண்டின் பதிவுகளிலேயே அதைப் பற்றிய குறிப்பு காணப்படுகிறது. ஒரு பக்கம் பழங்கால மருந்துச் சாடிகளைப் பார்க்கலாம். மறுபக்கம் தலைவலிக்கு மாத்திரை வாங்கலாம். அறுநூறு ஆண்டுப் பழமை அங்கே அன்றாட வாழ்வோடு கலந்திருப்பதைக் கண்டு பயணிகள் வியக்கிறார்கள்.

ஜூன் மாதத்தில் செல்பவர்களுக்கு இன்னொரு வியப்பும் காத்திருக்கிறது. இரவு பத்து மணிக்கும் சூரியன் மறைவதில்லை. நிலநடுக்கோட்டிற்கு அருகில் வாழ்ந்து பழகியவர்கள், சன்னல் திரையை மூடிக்கொண்டு தூங்க வேண்டியிருக்கும். டிசம்பரிலோ பகல் ஆறு மணி நேரம் மட்டுமே நீடிக்கிறது.

தோம்பேயா குன்றின்மேல் ஏறினால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் நீலக் கடலும் ஒருசேரத் தெரியும். பலர் அங்குப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால், தாலினின் உள்ளத்தை அறிய விரும்புபவர்கள் கடற்கரைக்கு அருகிலுள்ள பாடல் விழாத் திடலுக்கும் செல்ல வேண்டும்.

எஸ்டோனியாவின் முதல் பாடல் விழா 1869இல் தார்த்து நகரில் நடைபெற்றது. இன்று இவ்விழா பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தாலினில் நடக்கிறது. பல்லாயிரக்கணக்கானோர் ஒரே மேடையில் நின்று ஒரே குரலாகத் தாய்மொழியில் பாடுகிறார்கள். அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.3 மில்லியன்தான். சோவியத் ஒன்றியம் 1940இல் அந்நாட்டைத் தன்னுடன் இணைத்துக்கொண்டபின், மக்களின் மொழிக்கும் அடையாளத்திற்கும் நெருக்கடி ஏற்பட்டது. அக்காலத்தில் பாடல்களே அவர்களைப் பிணைத்து வைத்தன.

1988ஆம் ஆண்டில் மக்கள் பெருந்திரளாக இத்திடலில் கூடி, தடை செய்யப்பட்டிருந்த தங்கள் கொடியை அசைத்துப் பாடினார்கள். மறு ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், தாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கும் மேல், ஏறக்குறைய 2 மில்லியன் மக்கள் கைகோத்து நின்றார்கள். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் எஸ்டோனியா மீண்டும் சுதந்திர நாடானது. இப்போராட்டம் ‘பாடும் புரட்சி’ என்று அழைக்கப்படுகிறது.

விழா இல்லாத நாள்களில் திடல் அமைதியாக இருக்கும். புல்வெளிச் சரிவில் இசையமைப்பாளர் குஸ்தாவ் எர்னசாக்ஸின் வெண்கலச் சிலை மேடையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறது. பயணிகள் அதன் அருகே சற்று நேரம் அமர்கிறார்கள். எதிரே மேடை வெறுமையாக இருக்கிறது. எனினும், ஒரு சிறிய இனம் தன் மொழியைக் கைவிடாமல் பாடிக் காத்த இடம் அது என்பதை அறிந்தவர்கள் அங்கிருந்து எளிதில் எழுந்து செல்வதில்லை.

சிந்தித்து விடையளி

1. தாலின் மருந்துக்கடை பயணிகளை வியக்க வைப்பது ஏன்?
2. ‘பாடும் புரட்சி’ என்னும் பெயர் பொருத்தமானதா? காரணம் கூறுக.
3. ஒரு மொழியைக் காக்கப் பாடல்கள் எவ்வாறு உதவும்? உன் கருத்தை எழுதுக.