ஒரு மாச விடுமுறைக்கு நாலு புத்தகம்

ஆறாம் ஆண்டோட தமிழ் வாசிப்பை விட்டவங்க நம்மில் நிறைய பேர். அதனால முதல் வாரம் சுலபமானது: ராஜாஜியின் 'வியாசர் விருந்து'. மகாபாரதம் முழுக்க சின்னச் சின்ன அத்தியாயங்களில்.

அடுத்தது நாவல். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. நாட்டின் முதல் ரயில்பாதை 1885-இல் நம்ம தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்டதுன்னு பெருமையா சொல்றோம். 1942-43-இல் ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, நம்ம தோட்டத்து மக்களை அள்ளிக்கொண்டு போனதும் ரயில்தான். ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. வாசிச்சிட்டு வீட்டுப் பெரியவங்ககிட்ட, "நம்ம குடும்பத்துல யாராச்சும் சயாமுக்குப் போனாங்களா?"ன்னு கேளுங்க. தள்ளிப்போடாதீங்க. சொல்லத் தெரிஞ்சவங்க குறைஞ்சுகிட்டே வராங்க.

மூன்றாவது, உ. வே. சாமிநாதையரின் தன்வரலாறு 'என் சரித்திரம்'. கொஞ்சம் தடித்த புத்தகம். மலைப்பா இருந்தா, 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியிலிருந்து தொடங்கலாம். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்கிறார். கல்லூரித் தமிழாசிரியரான ஐயர் படித்ததில்லை. அது சமண காவியம். சைவச் சூழலில் வளர்ந்த ஐயர் அவ்வூர்ச் சமணர்களைத் தேடிப்போய்ச் சந்தேகம் கேட்டுப் படித்து, 1887-இல் அச்சிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

கடைசி வாரம், கே. எஸ். மணியத்தின் 'தி ரிட்டர்ன்' (1981). ஆங்கில நாவல்தான், ஆனா கெடாவில் வளரும் தமிழ்ப் பையன் கதை. தமிழ் வாசிக்கச் சிரமப்படுற தம்பி தங்கைகளுக்கு இதையே முதல்ல கொடுங்க.