இடைக்கால மேலாளரின் பொறுப்பு

தொழிற்சாலை மேலாளர் திடீரென விலகினால், புதியவர் வரும்வரை ஆலையை நடத்த அனுபவமுள்ள ஒருவரைச் சில மாதங்களுக்கு அமர்த்துவதுண்டு. "தற்காலிகமாக வந்தவர்தானே" என்று இவரை எண்ணிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இதனைத் தெளிவாக்கியிருந்தது. புதிய மேலாளர் பொறுப்பேற்ற 7 நாட்களுக்குள் ஆய்வாளருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும்; மேலாளர் இல்லாத காலத்தில் அப்பணியைச் செய்பவர் எவரோ அவரே மேலாளர்; அப்படி எவரும் இல்லையேல், ஆலையைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரே மேலாளர் என 7ஆம் பிரிவு விதித்தது. பொறுப்பு ஒரு நாளும் காலியாக இருக்கலாகாது என்பதே இதன் உட்பொருள்.

ஆகவே, அமர்த்தும்போதே காலவரையறை, செலவு வரம்பு, பழுதான இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் ஆகியவற்றை எழுதித் தருதல் வேண்டும். பொறுப்பைச் சுமத்தி அதிகாரத்தை மறுத்தால், பாதிக்கப்படுபவர் இயந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளியே. வணிகவியல் பயிலும் நாம் இதனை மறத்தலாகாது.