தூத்துக்குடிக்கு ஒரு பகல்

கோவில்பட்டி

அன்புள்ள மருமகளே,

தோழிகள் இருவரோடு தூத்துக்குடி போய்வர எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தாய். பணத்தை அப்புறம் கணக்குப் போடலாம், முதலில் நேரத்தைப் போடு. கல்லூரி நாளில் நான் முதன்முதலாகப் போனபோது பத்து மணிக்கு மேல்தான் இறங்கினேன். வெயிலுக்குப் பயந்து இடத்துக்கு இடம் ஆட்டோ பிடித்தேன். மூன்று மணிக்கெல்லாம் கையில் இருந்தது கரைந்துபோக, சாயங்காலக் கடலைப் பார்க்காமலே திரும்பினேன். அந்த ஏக்கம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதனால் சங்கரன்கோவிலில் விடியுமுன்னே பேருந்து ஏறிவிடுங்கள். கழுகுமலை வழியாக இங்கே வந்து, வண்டி மாறி, எட்டயபுரம் வழியாகப் போகலாம். பாரதி பிறந்த ஊராயிற்றே என்று எட்டயபுரத்தில் இறங்க மனம் அடித்துக்கொள்ளும். இறங்காதே, அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து கரிசலைப் பார்த்துக்கொண்டே போ. இந்தக் கரிசலில் விளைந்த பருத்திதான் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறியது. அங்கே கிரேட் காட்டன் ரோடு என்று ஒரு தெருவே உண்டு. 1908இல் வ.உ.சி. முன்நின்ற கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்ததும் அந்த ஊரில்தான். தறிச் சத்தத்தில் வளர்ந்த உனக்கு இதெல்லாம் அந்நியமாகத் தோன்றாது.

ஊருக்குள் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியூர் வண்டிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை மட்டும் பர்ஸில் வைக்காமல் தனியாக முடிந்துகொள்.

காலையில் திரேஸ்புரம் போங்கள். நாட்டுப்படகுகள் கரை சேருமிடம் அது. மீன் ஏலத்தை ஓரமாக நின்று பாருங்கள், கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். அப்படியே கடற்கரைச் சாலையோடு நடந்தால் 1713இல் கட்டிய பனிமய மாதா பேராலயம். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை அங்கே திருவிழா, ஊரே நிறைந்து வழியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம், மீன் விலை ஏறியிருக்கும். இந்த இரண்டும் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள். மதியம் மீன் சாப்பாட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் உட்காருமுன் விலை கேட்டுவிடு. உச்சி வெயிலில் அலையாமல் திருச்செந்தூர் சாலைப் பக்கம் போகும் நகரப் பேருந்தில் ஏறினால் ஜன்னலிலிருந்தே உப்பளங்களைப் பார்க்கலாம்.

நாலு மணிக்கு மேல் முத்துநகர் கடற்கரை. கன்னியாகுமரி அலையைப் பார்த்த கண்ணுக்கு இது குளம் போல இருக்கும். எதிரே இலங்கை, இடையில் மன்னார் வளைகுடாவின் சின்னச் சின்னத் தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். அலையின் வேகம் அங்கேயே அடங்கிவிடுகிறது. கரையோரம் ஆழமும் குறைவு. பழைய நாளில் பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரமிட்டு நிற்கும், சரக்கைத் தோணிகள்தான் ஏற்றி இறக்கும். ஆழத்தைத் தேடித்தான் புதிய துறைமுகத்துக்குக் கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் போட்டார்கள். 1974இல் அது பெருந்துறைமுகமாயிற்று. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அதற்காக அலையவும் வேண்டாம். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தக் கடலில்தான். இருட்டி, தூரத்தில் நிற்கும் கப்பல்களில் விளக்கு எரியும்வரை பேசாமல் உட்கார்ந்திருங்கள். நான் தவறவிட்டது அதைத்தான்.

பேருந்து ஏறுவதற்கு முன் மக்ரூன் வாங்கு. முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரிப் பொடி கலந்து இளஞ்சூட்டில் வேகவைப்பது. காற்றுப் பட்டால் நமுத்துவிடும், அமுங்கினால் நொறுங்கிவிடும். வீட்டிலிருந்தே இறுக மூடும் டப்பா ஒன்று எடுத்துப் போ.

ராத்திரிச் சாப்பாட்டை உன் கணக்கில் எழுதாதே. கோவில்பட்டியில் வண்டி மாறுவீர்களே, தோசையும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். புறப்படும் நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்.

அன்புடன்,
அத்தை