ஓடும் ஸ்டோரேஜிலிருந்து டிஸ்க்கை உருவலாமா?

கேள்வி: திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் சர்வர் அறையில் வேலை பார்க்கிறேன். ஸ்டோரேஜில் ஒரு டிஸ்க் பழுதாகி ஆரஞ்சு விளக்கு எரிகிறது. மெஷின் ஓடும்போதே கழற்றலாமா?
– வாசகர், கழக்கூட்டம்

பதில்: கழற்றலாம், ஹாட்-ஸ்வாப் வசதி அதற்குத்தான். ஆனால் எந்த டிஸ்க் என்பதில் துளியும் சந்தேகம் கூடாது. பல டிஸ்க்குகளைச் சேர்த்துத் தரவைக் காக்கும் ரெய்டு அமைப்பில், ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத்தான் தாங்கும். பக்கத்திலிருக்கும் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் மொத்தத் தரவும் முடங்கும். ரெய்டு 6 என்றால் இரண்டு வரை தாங்கும். நிர்வாகத் திரையில் ஸ்லாட் எண்ணைப் பார்த்து, அடையாள விளக்கை மினுக்கவிட்டு உறுதிசெய்யுங்கள். பழுதான டிஸ்க்கின் தரவு ஸ்பேர் டிஸ்க்கில் மீண்டும் உருவாகிக்கொண்டிருந்தால் (ரீபில்டு), முடியும்வரை பொறுப்பதே நல்லது. ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டை கட்டிக்கொண்டு, சிறிதளவு வெளியே இழுத்து, சுழற்சி நிற்க அரை நிமிடம் விடுங்கள். மாற்று டிஸ்க் கைக்கு வரும்முன் கழற்ற வேண்டாம்: காலி ஸ்லாட்டால் காற்றோட்டம் கெட்டு மற்றவை சூடாகும். பழைய டிஸ்க்கில் தகவல் மிச்சமிருக்கும். அழிக்காமல் வெளியே அனுப்பாதீர்கள்.