கேமராவோடு விமானம் ஏறுமுன்

திருவண்ணாமலையில் கல்யாணமும் கிரிவலமும் எடுத்துக் கை தேர்ந்த கேமராமேன்களுக்கு வெளிநாட்டு வேலை சில சமயம் ஊருக்குள்ளேயே பிடிபடுகிறது. ரமணாசிரமம் பக்கம் ஆவணப்படம் எடுக்க வருகிறவர், இங்கே தனக்குத் துணை நின்றவரை அடுத்த படத்துக்கு அங்கே அழைப்பார். அப்படிப் போகிறவர்கள் படப்பிடிப்பில் தடுமாறுவதில்லை. தடுமாறுவதெல்லாம் கஸ்டம்ஸ் கவுண்டரில்தான்.

அதற்கு முன், வேலை கேட்டு அனுப்புகிற மாதிரி ரீல் பற்றி ஒரு சொல். அது 90 வினாடிக்கு மேல் போகக் கூடாது, பாட்டும் கூடாது. கார்த்திகை தீபக் காட்சி வைப்பதானால், 2,668 அடி உயர மலையுச்சியில் சுடர் வெளுக்காமலும் கீழே நிற்கிற முகங்கள் இருட்டில் கரையாமலும் வந்த ஒரே ஒரு ஷாட் போதும்.

டூரிஸ்ட் விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வேலை செய்யாதீர்கள். அழைக்கிறவரிடமே வேலைக்கான விசா கேளுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும்.

இனி கருவிகள். ஒரு கேமரா, இரண்டு லென்ஸ் மட்டும் என்றால், புறப்படும்போது சென்னை விமான நிலையக் கஸ்டம்ஸில் பொருளைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்குங்கள். திரும்பி வரும்போது “இதை அங்கே வாங்கினாயா, டூட்டி கட்டு” என்ற பேச்சு வராது. ஆனால் அது நம் ஊர்க் கஸ்டம்ஸுக்கு மட்டும்தான் செல்லும். போகிற நாடும் உங்கள் பெட்டியை வரி கேட்காமல் உள்ளே விட ஏ.டி.ஏ. கார்னெட் வேண்டும். இந்தியாவில் அதைக் கொடுப்பது ஃபிக்கி, ஓராண்டு செல்லும், பிணைத்தொகை உண்டு.

கார்னெட்டின் உயிர் அதன் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், சீரியல் நம்பர், எண்ணிக்கை, எடை, மதிப்பு, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எழுத வேண்டும். பில்லைப் பார்த்து எழுதாதீர்கள், பொருளைக் கையில் எடுத்து நம்பரைப் படித்து எழுதுங்கள். கார்னெட் கைக்கு வந்தபின் ஒரு லென்ஸைக்கூடச் சேர்க்க முடியாது. டேப் மாதிரி தீர்ந்துபோகிற பொருள்களை அதில் எழுதக் கூடாது.

முத்திரை நான்கு: இந்தியாவை விட்டுப் போகும்போது, அங்கே நுழையும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, இங்கே திரும்பும்போது. மூன்றாவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். படப்பிடிப்பு முடிந்த களைப்பில் பெட்டியை நேரே செக்-இன்னில் போட்டுவிட்டால், பொருள் அந்த நாட்டிலேயே நின்றுவிட்டதாகக் கணக்காகும். வரி கேட்டுக் கடிதம் வீடு தேடி வரும். முதலில் கஸ்டம்ஸ், பிறகு செக்-இன். செஞ்சி, திண்டிவனம் வழியாக மீனம்பாக்கம் போகிற நாளிலும் இதே வரிசைதான். அதற்கென்று கூடுதலாக இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள். திரும்பியதும் கார்னெட்டை ஃபிக்கியிடம் ஒப்படைத்தால்தான் பிணை விடுபடும்.

இத்தனை பாட்டைக் குறைக்க நான் சொல்கிற வழி, ட்ரைபாடையும் லைட்டையும் சுமக்காமல் அங்கேயே வாடகைக்கு எடுப்பது. பாடி, லென்ஸ், பேட்டரி போதும்.

உதிரி பேட்டரி எதையும் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-ஹவர் வரை பொதுவாகத் தடையில்லை; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு. வி-மவுண்ட் வாங்கும்போதே 98 வாட்-ஹவர் பார்த்து வாங்குங்கள். முனைகளுக்கு டேப் ஒட்டுங்கள்.

போய் இறங்கியதும் மின்சாரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேளுங்கள். சிங்கப்பூர், துபாய், லண்டன் நம் ஊர் மாதிரியே 50, ஷட்டர் 1/50. அமெரிக்காவும் சவூதியும் 60. அங்கே 1/60 வைக்காவிட்டால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கும். ஜப்பானில் டோக்கியோ 50, ஒசாகா 60.

சம்பளத்தை நாள் கணக்கில் பேசுங்கள்; ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதி வாங்குங்கள். கேமரா வாடகை தனி வரியில் வர வேண்டும். பயண நாளுக்கும் பாதிச் சம்பளம் கேளுங்கள். மொத்தத்தில் பாதித் தொகை வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கார்னெட்டுக்கு விண்ணப்பம் போடுங்கள்.